போர்த்தண்ணீரும் லேகிய டப்பாவும்

பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து, முழங்கால் வலிக்கிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, குனிந்தால் நிமிர முடியவில்லை என்று சொன்னால், மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்டாகவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "சின்ன வயசுல இருந்து எந்தத் தண்ணி குடிச்சீங்க?" ஆற்றுத் தண்ணியா, திறந்த கிணறா, போரா, போர் என்றால் எத்தனை அடி? கேட்டுவிட்டு, "கொஞ்சம் பல்லைக் காட்டுங்க" என்று சொல்லவேண்டும். தர்மபுரி மாவட்டத்து மூட்டு வலிகளில் ஒரு பங்குக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். மூட்டு வலிக்கு நிரந்தரத் தீர்வு என்று பேருந்து நிலையச் சுவரிலும், கேபிள் டி.வி.யிலும், இப்போது வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் செய்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. போனில் முகவரி கேட்கிறார்கள். கூரியரில் டப்பா வந்துவிடுகிறது.

இங்கே பூமிக்கடியில் இருப்பவை சார்னோகைட், நைஸ் போன்ற பழம்பாறைகள். அவற்றிலுள்ள அபடைட், ஹார்ன்பிளெண்டு, பயோடைட் ஆகிய கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. மழை குறைவான பூமி. பாறை இடுக்கில் தண்ணீர் நெடுநாள் ஊறிக் கிடக்கிறது. காரத்தன்மை கூடி, கால்சியம் குறைந்த நீரில் ஃபுளோரைடு இன்னும் எளிதாகக் கரையும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமோடு நிற்கச் சொல்கிறது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால்தான் 1.5 வரை. வெயிலில் காட்டு வேலை செய்கிறவர் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் குடிப்பார். வீட்டில் களி கிண்டுவதும் அதே தண்ணீரில்தான். கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, மிச்சமிருப்பதில் ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.

உள்ளே போன ஃபுளோரைடில் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. மீதி எலும்பில் குடியேறுகிறது. எலும்பின் தாதுப்பொருளில் ஹைட்ராக்ஸில் உட்காரவேண்டிய இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்துகொள்ளும். எலும்பு அடர்த்தியாகும், ஆனால் உறுதியாகாது. மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் சுண்ணாம்பேறி விறைத்துப்போகும். முன்கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. சாதாரணமாக எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. இந்த ஃபுளோரைடு நோய், அதாவது ஃபுளோரோசிஸ், முற்றியவரின் படத்தில், எலும்பு விளிம்பிலிருந்து முள் முளைத்தாற்போல அது வெள்ளையாகத் தெரியும். பல்லில் தெரியும் பழுப்புக் கறையோ வேறு கணக்கு: நிரந்தரப் பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரின் பதிவு அது. அதனால் கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து இங்கே வந்த பெண்ணுக்குப் பல் பளிச்சென்று இருந்தும் எலும்பு கெட்டிருக்கலாம்.

இந்த நோயை இந்தியாவில் முதலில் கண்டு எழுதியது பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் முதுகு விறைத்துக் கிடந்தவர்களைப் பரிசோதித்து, குற்றவாளி கிணற்றுத் தண்ணீரிலிருக்கும் ஃபுளோரைடு என்று எழுதினார்கள். அதுவரை அதற்கு வாதம் என்று பெயர், வாதத்துக்கென்று மருந்து. பெயர் ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருக்கும்போது மருந்துக் கடைக்குத்தான் கொண்டாட்டம்.

நம் மாவட்டத்துக்கு உண்மையான சிகிச்சை குழாயில் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு ஏறத்தாழ 1,929 கோடி ரூபாயில் முடிந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டத்தின் முழுப்பெயரே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம். எலும்பில் ஏறிய ஃபுளோரைடை ஒரே வாரத்தில் இறக்கிவிடும் மாத்திரை எந்த மருத்துவத்திலும் கிடையாது. நல்ல தண்ணீருக்கு மாறி, கால்சியமும் வைட்டமின் சி, டி-யும் உள்ள சாப்பாடு சாப்பிட்டால், ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் வலி மெல்ல இறங்கும். எலும்பு தன்னைத் தானே பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் திசு என்பதால் அது நடக்கிறது. விறைத்துப்போன முதுகெலும்பு மட்டும் பழையபடி ஆகாது.

இப்போது ஒருவரை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணி வந்து ஆறு மாதமாகிறது. அதே ஆறு மாதமாக அவர் லேகியமும் சாப்பிடுகிறார். வலி குறைகிறது. ஊரில் அவர் எதைப் புகழ்வார்? தண்ணீருக்கு யாரும் சான்று கொடுப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை, சாப்பிட்டதும் உண்மை, குறைந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே போட்ட முடிச்சுதான் தப்பு. தண்ணீரே மாறாவிட்டாலும் இந்த முடிச்சு விழும். நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத அன்றுதான் வைத்தியரைத் தேடிப் போவோம். உச்சத்துக்குப் போன வலி எப்படியும் கொஞ்சம் இறங்கியே தீரும். இறங்கும் நேரத்தில் கையில் எந்த டப்பா இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கும். அதனால்தான் மருந்தைச் சோதிக்கிறவர்கள் "சாப்பிட்டார், சரியாப் போச்சு" என்பதோடு நிற்பதில்லை. சாப்பிடாதவர் என்ன ஆனார் என்று கேட்கிறார்கள்.

சில டப்பாக்கள் மூன்றே நாளில் வேலை செய்யும். பயப்படவேண்டியது அங்கேதான். மூலிகை என்று விற்கும் வலிச் சூரணங்களிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளையும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளையும் கலந்து விற்பதை இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் ஆய்வகங்கள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கிவிடும்; படுத்திருந்தவர் எழுந்து நடப்பார். பசி எடுக்கும், கன்னம் உப்பும், எடை கூடும். "மருந்து ஒத்துக்கிச்சு, மாமா முகமே தேறிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்த உப்பலுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் சந்திர முகம். ஸ்டீராய்டு மிகுந்துவிட்டதன் அடையாளம் அது. மாதங்கள் போகப்போகச் சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், தோல் மெலியும், எலும்பு பலவீனமாகும். ஃபுளோரைடு கெடுத்த எலும்புக்கு மேல் ஸ்டீராய்டு கெடுக்கும் எலும்பு. தர்மபுரிக்காரருக்கு இரட்டை நஷ்டம்.

இந்த மயக்கம் மூட்டு வலியோடு நிற்பதில்லை. மஞ்சள் காமாலைக்கு வருவோம். சில ஊர்களில் கையைக் கழுவி மஞ்சளை இறக்குகிற வைத்தியம் நடக்கும். நோயாளியின் கையில் ஏதோ சாற்றைத் தேய்த்து, ஒரு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்துக் கழுவச் சொல்வார்கள். தண்ணீர் மஞ்சளாக மாறும். கூடியிருப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள். தேய்த்தது மாம்பட்டைச் சாறு. மாம்பட்டையில் மாஞ்சிஃபெரின் போன்ற பாலிஃபீனால்கள் உண்டு. காரமான சுண்ணாம்பு நீர் பட்டதும் அவை மஞ்சளாகும். காமாலைக்குக் காரணமான பிலிருபின் இரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கிறது. கை கழுவினால் வராது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் மந்திரமா தந்திரமா நிகழ்ச்சிகளில் இப்படிப்பட்ட வித்தைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே செய்து காட்டுவார்கள்.

குடிநீரில் ஃபுளோரைடு பார்க்கிற களப்பெட்டியிலும் இதே மாதிரி ஒரு நிற மாற்றம் இருக்கிறது. சிர்கோனியம் கலந்த சாயத் துளியை மாதிரி நீரில் விடுவார்கள். ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பிடித்துக்கொள்ள, சாயம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளை நோக்கிப் போகும். இங்கேயும் மஞ்சள், அங்கேயும் மஞ்சள். அப்படியானால் ஒன்றை நம்பி இன்னொன்றை ஏன் நம்பக்கூடாது? பெட்டியோடு ஒரு நிற அட்டை வருகிறது. ஃபுளோரைடே இல்லாத நீரில் என்ன நிறம், 1 மில்லிகிராமில் என்ன நிறம், 2 மில்லிகிராமில் என்ன நிறம் என்று முன்கூட்டியே பார்த்துத் தயாரித்த அட்டை அது. வைத்தியரின் கிண்ணத்துக்கு அட்டை கிடையாது. "நோய் இல்லாத என் கையிலும் அதே சாற்றைத் தேய்த்துக் கழுவிக் காட்டுங்க" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டால் போதும். இரட்டை மறைப்புச் சோதனை, கட்டுப்பாட்டுக் குழு என்று பெரிய பெயர்களில் சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியின் விரிவுதான்.

காமாலையில் இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். காமாலை ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அங்கே எந்தப் பச்சிலையும் ஜெயிக்கும். இலையே இல்லாவிட்டாலும் ஜெயிக்கும். பித்தநாளத்தில் கல் அடைத்து வந்த காமாலையும், எலிக்காய்ச்சலால் வந்ததும், எலி பேஸ்ட் சாப்பிட்டதால் வந்ததும் அப்படிக் காத்திருக்காது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று நாள் பத்தியம் இருந்து பார்ப்போம் என்று கழித்த நாட்களைத் திரும்ப வாங்க முடியாது.

அப்படியானால் காமாலைக்கென்று கொடுக்கும் கீழாநெல்லி பொய்யா? இதற்கு நல்ல கதை ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. தரமணி டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு தாய்லாந்தில் செய்தார்கள், நியூசிலாந்தில் செய்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி எந்த மண்ணில் விளைந்தது, எந்த இனம், எப்படிக் காய வைத்தது என்றெல்லாம் வாதம் நடந்தது. பல சோதனைகளைச் சேர்த்து அலசிய 2011-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இது பலன் தரும் என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று முடித்தது.

சென்னை ஆய்வாளர்கள் தோற்றுவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வெற்று மருந்தையும் வைத்து ஒப்பிட்டு, எண்ணிக்கையை வெளிப்படையாக எழுதியதால்தான் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்க்க முடிந்தது. பாட்டி சொன்ன மூலிகைக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. நித்திய கல்யாணிக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கை. சர்க்கரை நோய்க்குக் கைவைத்தியமாக அதன் இலைக் கஷாயத்தைக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவில் இருந்தது. கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் 1950-களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் சரசரவென்று இறங்கின. அந்த வழியில்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. சொன்ன நோய்க்குக் கேட்காத செடி, சொல்லாத நோய்க்கு மருந்தாயிற்று. நம் ஊரில் அதே செடியைச் சர்க்கரைக்கென்று பறித்துக் குடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளணுவை இறக்கும் சரக்கு அதற்குள் இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

ஃபுளோரைடுக்கே புளியை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் சிறுவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு தினம் 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்து அளந்தார்கள். சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியது. அவர்கள் சொன்னது அவ்வளவே. புளி ஃபுளோரோசிஸைக் குணமாக்கும் என்று அவர்கள் எழுதவில்லை. அதே கண்டுபிடிப்பு ஒரு விளம்பரக்காரர் கையில் கிடைத்திருந்தால் "எலும்பைப் புதுப்பிக்கும் புளிச் சூரணம், 48 நாள்" ஆகியிருக்கும்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பது இன்னொரு நம்பிக்கை. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. சில தயாரிப்புகளில் உலோகம் சேர்வது தற்செயலல்ல. பற்பம், செந்தூரம் என்று முறைப்படி சேர்ப்பதுதான். சுத்தி செய்துவிட்டோம் என்கிற பதில் வரும். செய்தார்களா என்பதை அளந்து காட்டவேண்டியது தயாரிப்பவர். குடித்துக் காட்டவேண்டியது நாமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன. சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம், வாதம், வலிப்பு, பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். முதல்முறை ஆறு மாதம் வரை சிறை. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருப்பதில் பாதியை இந்த ஒரு சட்டத்தை வைத்தே கிழித்துவிடலாம். கிழிக்க ஆளில்லை. பதஞ்சலி நிறுவனத்தின் தவறான மருந்து விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பி, பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போடவைத்து, 2024 ஆகஸ்டில் அந்த அவமதிப்பு நடவடிக்கையை முடித்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம், விளம்பரத்துக்கு முன் அனுமதி கேட்கும், மருந்து விதிகளின் 170-ஆம் விதியையே நீக்கியது. ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. தலைநகரத்தில் நடக்கும் இப்படிப்பட்ட இழுபறிகளை நம்பி நம் ஊரில் யாரும் காத்திருக்க முடியாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானங்களின் பெயரும் அளவும், சித்த மருந்து அல்லது ஆயுர்வேத மருந்து என்ற குறிப்பு, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருந்தாகவேண்டும். ரகசிய மூலிகை என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. பில் கேளுங்கள். பில் தராதவர் நாளைக்கு அந்த இடத்தில் இருக்கமாட்டார். ஏமாந்துவிட்டால் தர்மபுரியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரையென்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தில் நடித்தவரும் தப்ப முடியாது. மருந்தின் மீதே சந்தேகமென்றால் சென்னை அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம், ஹோமியோபதி இயக்குநரகத்துக்கு எழுதலாம்.

இங்கிலீஷ் மருந்தென்றால் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டு "பாரு, ஒரே ஊசியில எந்திரிச்சிட்டான்" என்று பேர் வாங்கும் போலி மருத்துவர்கள் கைதாகும் செய்தி மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருவதுதான். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், படிக்காத முறையில் வைத்தியம் பார்ப்பதே அலட்சியம்தான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேள்வி எல்லா மருந்துக்கும் ஒன்றுதான்: யாருக்கு, எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள், இதற்குள் என்ன இருக்கிறது?

ஆனாலும் ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்று, உள்ளே போனால் இரண்டு நிமிஷம். சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கி வருகிறவருக்கு ஒரு நாள் கூலியும் போச்சு. வைத்தியரோ பாயில் உட்காரவைத்து, நாடி பிடித்து, மகள் கல்யாணம் வரைக்கும் விசாரிக்கிறார். வலிக்கு அந்த விசாரிப்பும் ஒரு மருந்துதான். வலி குறைந்ததாகத் தோன்றும், எக்ஸ்ரே மட்டும் மாறாது.

நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். திட்டுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை, டப்பாவோடு போங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பயந்து, நாளை காலையிலிருந்து டப்பாவைத் தூக்கி எறிந்தால், மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே வினையாகலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர், அதை நிறுத்துவதையும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் செய்யவேண்டும். போகும்போது வீட்டுப் போர்த்தண்ணீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம்.